எதிர்வீட்டு எஸ்பிரஸோ

ஆவடி பேக்டரி குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டு அக்கா முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அவர் கணவர் வாங்கிய எஸ்பிரஸோ மிஷினில் காபி தண்ணீராகவே இறங்கியது. அதன் ஆங்கிலக் குறிப்பைப் படித்துச் சொல்ல என்னை அழைத்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான், பெருமையோடு போனேன். தூளை நன்றாக அழுத்திப் போட்டதும் காபி கெட்டியாக, நுரையோடு இறங்கியது.

அக்கா கண்மூடிக் குடித்தார்.

"சூப்பரா கீதும்மா. அவருகிட்ட சொல்லிடாத."

"ஏன்க்கா?"

"தண்ணிக் காபிக்கே பாதி பேக்டரிய இட்டுகினு வர்றாரு. நல்லா போட்டா அடுப்படிய உட்டு நான் வெளியவே வர முடியாது."

மாலையில் கூட்டம் வந்தது. அக்கா தூளை அழுத்தவில்லை.

"படிச்ச பொண்ணு சொல்லியும் இவ்ளோதானா?" என்று கணவர் சிரித்தார்.

"மிஷினே அப்படித்தாண்ணா" என்றேன்.

தனக்கென்று அக்கா எப்போதாவது அழுத்திப் போட்டுக்கொண்டாரா, தெரியவில்லை.