குடைக்காரியின் உண்மைப் பெயர்

ஒரு தீபாவளிக்கு அப்பா அட்டனிலிருந்து டீவி கேம் ஒன்று வாங்கி வந்தார். வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்த முதல் டீவி கேம் அதுதான். கூட வந்த கேசட்டில் எத்தனையோ விளையாட்டுகள் இருந்தாலும் எனக்கும் அக்காவுக்கும் ஒன்றுதான் பிடித்தது. அதில் குடை பிடித்த ஒரு பெண் மலைக்கு மலை தாவிப் போவாள். குடையை விரித்தால் மெதுவாக இறங்குவாள், மடக்கினால் கல் போல விழுவாள். திரையில் வந்த எழுத்து எங்களுக்குத் தெரியாத மொழி. அதனால் நாங்களே அவளுக்குக் குடைக்காரி என்று பெயர் வைத்தோம். பள்ளிக்கூடம் விட்டு நனைந்து வந்தால், ஈர உடுப்போடு அவள் முன் உட்கார்ந்துவிடுவோம். கரண்டு போனாலும் அக்கா விடமாட்டாள். இருண்ட திரையைப் பார்த்தபடி, விளையாட்டின் இசையை வாயால் பாடிக்கொண்டே பொத்தான்களை அழுத்திக்கொண்டிருப்பாள்.

கேசட் எப்போதோ கெட்டுப்போனது. அக்கா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். நான் தலவாக்கலையில் பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கிறேன். நாட்டில் பெட்ரோல் இல்லாமல் பாடசாலைகள் மூடிக்கிடந்த நாட்களில், விளையாட்டு உருவாக்கும் மென்பொருள் ஒன்றைப் பழகினேன். முதலில் செய்ய ஆசைப்பட்டது குடைக்காரியைத்தான். இணையத்தில் தேடியபோது அவளுடைய உண்மைப் பெயர் கிடைத்தது. ஒரு வெளிநாட்டுக் கம்பனி செய்து, வெகுகாலத்துக்கு முன்பே விற்பதை நிறுத்திவிட்ட விளையாட்டு. எங்கள் வீட்டிலிருந்த கேசட்டே திருட்டுப் பிரதி என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

நினைவிலிருந்து நான் அதை மறுபடி செய்யச் செய்ய, அக்கா வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்காருவாள். "அந்த மூணாவது மலையில பாலம் ஒடைஞ்சுதான்டி இருக்கும். நீ முழுசா போட்டிருக்க" என்பாள். நான் மாற்றுவேன். முடிந்ததும், அந்த உண்மைப் பெயரிலேயே, யாரும் இலவசமாக விளையாடலாம் என்று ஒரு தளத்தில் போட்டேன். எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். தம்பியோடு விளையாடிய நாட்கள் திரும்பி வந்ததாக ஒருவர் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னபோது, அக்கா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

பிறகு கம்பனியின் சட்டத்தரணிகளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. விளையாட்டின் பெயரும் குடைக்காரியின் உருவமும் பதிவுசெய்யப்பட்ட வர்த்தகக் குறிகள், உடனே நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

"நம்மள புடிச்சிக்கிட்டுப் போவாங்களா?" என்று அக்கா கேட்டாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இருவரும் நுவரெலியாவுக்குப் போய் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தோம். யாழ்ப்பாணத்து அம்மா. மின்னஞ்சலைப் பொறுமையாக வாசித்தார்.

"நாங்க ஒரு சதமும் வாங்கல, மேடம்" என்றேன்.

"அது நல்லது. ஆனா அது மட்டும் காணாது. இந்தப் பேரைப் பாக்கிற சனம், கம்பனிதான் திரும்ப விட்டிருக்கெண்டு நினைக்கும். வர்த்தகக் குறி இருக்கிறதே அதுக்குத்தான். படமும் பாட்டும் பதிப்புரிமை, அது வேற."

"அவங்கதான் இப்ப விக்கிறதே இல்லையே?"

"பதிவு இன்னும் இருக்குதானே. அதை எதிர்த்து வழக்காட உங்களால ஏலுமே?"

அக்கா, "அப்ப மலையில தாவுறதும் அவங்களுக்குத்தான் சொந்தமா?" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். "இல்லை. தாவுறது ஒருத்தருக்கும் சொந்தமில்லை. வேற பேர், வேற ஆள், வேற பாட்டு, வேற மலை. எல்லாத்தையும் நீங்களே செய்யுங்கோ. அப்ப ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

திரும்பும் பஸ்ஸில் அக்கா சொன்னாள்: "பேரு தெரியாமலே இத்தன வருசம் அவள வச்சிருந்தோம். பேரத் தேடிக் கண்டுபுடிச்சோம், பறிகுடுத்துட்டோம்."

அன்றே நீக்கினேன். அடுத்த வாரம் கம்பனியிலிருந்து இரண்டு வரி நன்றி வந்தது. அதோடு விஷயம் முடிந்தது. ஒரு மாதம் நான் கணினியை வகுப்புக்குத் தவிர வேறெதற்கும் திறக்கவில்லை.

அக்காதான் மறுபடி தொடங்கினாள். பிள்ளைக்காம்பராவில் ஒரு வாண்டு, கதவு திறந்த நேரம் பார்த்து வெளியே ஓடிவிட்டதாம். அவள் மலைக்கு மேலே மேலே துரத்திப்போய்ப் பிடித்து வந்தாளாம். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தவள், "இதையே போடலாமேடி" என்றாள். ஓடும் குழந்தை, துரத்தும் ஆயா. இசையையும் அவளே பாடினாள். குழந்தைகளைத் தூங்கவைக்க அவளாகக் கட்டிய ராகம் அது. அதை என் ஃபோனில் பதிவுசெய்தேன். மலைகளை மட்டும் அவளுக்குக் காட்டாமலே வரைந்தேன்.

முடித்துக் கொடுத்தபோது, மழைநீர் ஓட வெட்டிய முதல் கானிலேயே ஆயா விழுந்தாள். பழைய விளையாட்டில் எந்த மலையிலும் தடுமாறாத அக்கா, அடுத்த கானிலும் விழுந்தாள்.

"இங்க கான் இருக்குன்னு சொல்லவே இல்ல?"

"அடுத்தது என்னான்னு சொல்லவா?"

"சொல்லாத" என்று, திரைக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.