கரண்ட் இல்லாத நேரத்தில் அதிர்ந்த தரை

சோமனூர் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம் இருக்கிறது. தறி ஓடினால் தரை அதிரும். எங்களுக்கு அது பழக்கம்.

பக்கத்து போர்ஷனில் இருக்கும் ஓரகத்தியின் மகள் ஏழாம் வகுப்பு. என் ஐந்து வயது மகனுக்கு அவள்தான் டீச்சர்.

"பூமிக்குள்ள பாறை திடீர்னு நழுவுனா ரெண்டு அலை கிளம்பும்டா. மொதல்ல வர்றது சின்னது. பின்னால வர்றதுதான் பெருசு."

அவன் வாயைப் பிளந்து கேட்பான். பி.எஸ்சி. படித்த நான் சொன்னால் காதில் வாங்கமாட்டான். எனக்கு வயிறு எரியும்.

அன்று காலையும் "அவனுக்கு ஹோம்வொர்க் இருக்குது, நீ கிளம்பு அம்மணி" என்று அவளை அனுப்பப் பார்த்தேன். அப்போது தரை லேசாக அதிர்ந்தது.

"தறி ஓடுது" என்றேன்.

"கரண்டே இல்லீங்க சித்தி" என்றவள், அலமாரியோரம் உட்கார்ந்திருந்தவனை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டாள். உடனே வீடே குலுங்கியது. அலமாரி மேலிருந்த பித்தளை அண்டா அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் விழுந்தது.

இப்போது கனமான பாத்திரமெல்லாம் தரையில்தான். பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவள் பாடம் நடத்தும்போது, நானும் வெங்காயம் உரிக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.