மனுதாரர், இறந்தவரின் தம்பி

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச ஆங்கிலம் கோர்ட்டு வாசல்களில் சேர்ந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி எங்களை வெளியே தள்ளியபோது ‘டெர்மினேஷன்’ தெரிந்தது. ஓசூரில் லாரி ஓட்டும் நண்பனுக்கு ஜாமீன் நிற்கப் போய் ‘ஷ்யூரிட்டி’ ஆனேன். சித்தூரில் அறையைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸில் ‘எவிக்‌ஷன்’ இருந்தது; பக்கத்து டீக்கடைக்காரர் படித்துச் சொன்னார். ஆனால் ஹைதராபாத்தில் கற்ற வார்த்தைகள்தான் அதிகம். அவற்றை அவள் பொருட்டுக் கற்றேன்.

அவள் என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஓசூருக்கு வெளியே ஒரு சின்னக் கோயிலில் அவளுக்கு மஞ்சள் கயிறு கட்டினேன். பூசாரியும் பூ விற்கிற அம்மாவும் பார்த்தார்கள். ரசீது கிடையாது, போட்டோ கிடையாது. அந்த வாரமே வேலை தேடி ரயிலேறிச் செகந்திராபாத்தில் இறங்கினோம்.

நாச்சாரத்தில் பிளாஸ்டிக் டப்பா செய்கிற ஒரு ஃபேக்டரியில் ஆள் எடுத்தார்கள். சூப்பர்வைசர் இங்கேயே பிறந்த தமிழர்.

“புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே ஷெட்ல நக்கோ, வேணாம். ஒருத்தருக்கு ஜொரம் வந்தா ரெண்டு மெஷின் நிக்கும்” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். “ஐய, இவன் என் தம்பிங்க. மூஞ்சியப் பாத்தா தெரியல?”

“ஹவ், ஆமா, ஜாடை இருக்கு” என்று சூப்பர்வைசர் எழுதிக்கொண்டார்.

பொய் ஃபேக்டரியோடு நிற்கவில்லை. அவளோடு பேக்கிங்கில் நின்ற தெலுங்குக்கார அக்கா தன் வீட்டுப் பின்னறையை எங்களுக்கு வாடகைக்கு விட்டாள். கழுத்தில் கிடந்த கயிற்றைப் பார்த்து அந்த அக்கா விசாரித்தபோது, புருஷன் ஊரிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று இவள் சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து அக்கா அந்தப் புருஷனை என் முன்னாலேயே தெலுங்கில் திட்டுவாள், அவன் விளங்கவே மாட்டான் என்று. இவள் என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள், “எங்க விளங்கப்போறான், திங்கவும் தூங்கவும்தான் தெரியும்.” கதவைச் சாத்திய பிறகு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரிப்பாள். நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து ரோட்டைக் கடந்தவளைத் தண்ணீர் லாரி இடித்துவிட்டது. நான் மெஷினில் இருந்தேன். ஓடிவந்த ஆள் “உங்க அக்காவுக்கு” என்றுதான் ஆரம்பித்தான். ஆஸ்பத்திரியில் உடலை வாங்கும்போதும் தம்பி என்று எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு எதுவும் தோன்றவில்லை.

விபத்து கேஸ் நடத்துகிற வக்கீலம்மா செகந்திராபாத் ரயில்வே காலனியில் வளர்ந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தம்பின்னே போட்டுடலாம், சீக்கிரம் முடியும். புருஷன்னா ப்ரூஃப் கேப்பான்” என்றார்.

“புருஷன்னே போடுங்கம்மா.”

“கைக்கு, எதுக்குய்யா? எப்படிப் போட்டாலும் ஏதோ கொஞ்சம் வரும்யா.”

“வர்றது இருக்கட்டும். நான் அவளுக்கு யாருன்னு எங்கயாச்சும் ஒரு எடத்துல எழுதியிருக்கணும்.”

அவர் அப்படியே எழுதினார். அதன் பிறகு வாய்தா வாய்தாவாக வார்த்தைகள் வந்தன. சத்தியம் செய்து எழுதித் தருவது ‘அஃபிடவிட்’. லாரிக்காரன் கவனிக்காமல் ஓட்டியது ‘நெக்லிஜென்ஸ்’. ‘டிசீஸ்டு’ என்று யாராவது சொன்னால் நான் நிமிர்ந்து பார்ப்பேன், அது அவள். இன்சூரன்ஸ் வக்கீல் என்னைக் குறிப்பிடும்போதெல்லாம் ‘அலெஜ்டு ஹஸ்பண்ட்’ என்றார். கணவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவனாம். ஃபேக்டரி ரெஜிஸ்டரைக் காட்டி, இது உன் கையெழுத்துதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பிறகு இன்சூரன்ஸ்காரர்கள் எங்கள் வீட்டுக்கார அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நான் முன்பே அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தேன். அவள் நம்பவில்லை. கேஸுக்காக வக்கீல் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். “சாமி மேல சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல என்னால ஆகாது தம்பி, கோச்சுக்காதே” என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் கூண்டில் ஏறினாள்.

“இவர் யார்?”

“அவளோட தம்பி. தங்கமான பையன். அக்கா மேல உசிரு.”

“அவங்க கணவர்?”

“அந்த நாயா? ஊர்ல விட்டுட்டு ஓடினவன். இப்ப எதிர்ல வந்தா செருப்பாலயே அடிப்பேன் சார்.”

கோர்ட்டே சிரித்தது. அவள் என் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வக்கீலம்மா விடவில்லை. என்னை மறுபடி விசாரிக்க அனுமதி வாங்கினார். அதற்கு ‘ரீகால்’ என்று பெயர். கையில் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கேட்டார்: “இறந்தவங்க அடிவயித்துல ஒரு பழைய ஆபரேஷன் தழும்பு இருந்திருக்கு. அது எப்படி வந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

ஏன் கேட்கிறார் என்று புரிந்தது. அந்த இடத்துத் தழும்பைப் பற்றிக் கூடப்பிறந்தவன் சொல்ல முடியாது, புருஷன் சொல்லலாம். எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், மழையில் வேலைக்குப் போகாமல் கிடந்த ஒரு மத்தியானம், என் கையை எடுத்து அங்கே வைத்துக்கொண்டு அவளே சொன்னாள். நான் வருவதற்கு முந்தைய கதை அது. வேறு ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று தன் தலைமேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். இங்கேயும் நான் அதை எழுதப்போவதில்லை.

கோர்ட்டில் அக்கா இருந்தாள். லாரி டிரைவர் இருந்தான். அடுத்த கேஸுக்கு வந்தவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். டைப் செய்கிறவர் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்.

“தெரியாது” என்றேன்.

ஜட்ஜ் தெலுங்கில் இன்னொரு முறை கேட்டார். தெரியாது என்றே சொன்னேன்.

வெளியே வராந்தாவில் வக்கீலம்மா வெடித்தார். “நம்ம கையில அது ஒண்ணுதான்யா இருந்துச்சு!”

“தெரியாதும்மா.”

“உங்களுக்குத் தெரியும்” என்றார். பிறகு கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, “போங்க, போய் ஏதாவது சாப்பிடுங்க” என்றார்.

தீர்ப்பு நகலை அவருடைய ஆபீஸில் வைத்துப் படித்துக் காட்டினார். மனுதாரர் தன்னை இறந்தவரின் கணவர் என்று நிரூபிக்கத் தவறிவிட்டார். ரெஜிஸ்டரின்படியும் சாட்சியின்படியும் அவர் இறந்தவரின் தம்பி. ஈமச்செலவுக்கு இவ்வளவு, தம்பி என்ற முறையில் இவ்வளவு என்று தலைப்புத் தலைப்பாகப் படித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் தயங்கித் தாண்டிப் போனார்.

“அது என்னம்மா, நடுவுல விட்டது?”

“கன்ஸார்ஷியம். புருஷன் பொண்டாட்டி ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா இருக்கறது. பேசறது, கோச்சுக்கறது, பக்கத்துல படுக்கறது, எல்லாம் சேந்தது. அது போயிட்டா அதுக்குன்னு தனியா ஒண்ணு போடுவாங்க.”

“எனக்கு என்ன போட்டிருக்கு?”

“தம்பிக்கு அது கிடையாதுப்பா. ‘நில்’னு, ஒண்ணுமில்லேன்னு போட்டிருக்கு.”

இப்படி ஒன்றுக்குச் சட்டத்தில் பெயர் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். விரலை வைத்துக் காட்டினார். நீளமான வார்த்தை. எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.