எரியாத எஞ்சினைப் படம் பிடித்தவர்

"மூச்ச இழுத்துப் புடிங்க மாப்பிள்ள. ஆங்... பொண்ணப் பாருங்க, என்னயப் பாக்காதீங்க."

கேமராவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தனலெட்சுமி பின்பக்கமாகவே நடக்கிறார். கோயில் வாசலில் நிற்பவர்கள் தாமாகவே விலகி வழி விடுகிறார்கள். கேமராவுக்குச் சின்னப் பிள்ளையின் மழைக்கோட்டு ஒன்று போட்டிருக்கிறார். மாற்றுப் பேட்டரியை இடுப்பில் செருகி வைத்துக்கொள்வார். "குளுந்துச்சுனா கண்ண மூடிக்கும். அதுக்கும் ஒடம்புச் சூடு வேணும்ல?"

இலங்கை மலையகத்து ஹாலிஎலயில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஸ்டூடியோ. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கொழும்பில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய், அங்கேயே கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டார். அப்புத்தளையில் கொட்டும் மழையில் நடந்த கல்யாணத்துக்கும் அவருடைய ஆல்பத்தில் வெயில் அடிக்கும். மணமக்கள் தலைக்கு மேலே முழு நிலா இருக்கும். நிலா வேண்டாம் என்று சொன்ன ஒரு தகப்பனார், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எப்படி வைத்தீர்கள் என்று பிறகு வந்து சண்டை பிடித்தாராம்.

போன வருஷம் இவரிடம் கிஷாந்தன் வந்தார். பதுளைப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் விரிவுரையாளர், சொந்த ஊர் யாழ்ப்பாணம். காலணிப் பெட்டியளவு செயற்கைக்கோளை விண்வெளியில் நகர்த்த ஓர் எஞ்சின் செய்துகொண்டிருந்தார். அந்த எஞ்சின் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. உள்ளே இருக்கும் டெஃப்ளான் கட்டியை மின்பொறி கொஞ்சங் கொஞ்சமாக ஆவியாக்கும். அந்த ஆவி பின்னால் பீறிட, எஞ்சின் முன்னால் நகரும்.

"தோசக்கல்லுல ஒட்டாம இருக்கப் பூசியிருக்குமே, அதுவா சார்?"

"ஓம் அக்கா, அதே சாமான்தான்."

ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோயிருந்தது. இணையத்தில் பொதுமக்களிடமே நன்கொடை கேட்பதென்று முடிவு செய்திருந்தார். அதற்கு ஒரு வீடியோ வேண்டும்.

படம் பிடிக்கும் நாளில், காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புக் கலத்துக்குள் எஞ்சின் இருந்தது. வட்டக் கண்ணாடி வழியே கேமராவைப் பொருத்திவிட்டு தனலெட்சுமி தலையசைத்தார். கிஷாந்தன் சுவிட்சைத் தட்டினார். ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பத் தட்டினார். பொழுது சாய்ந்தது. மறுநாள் காலையில் நன்கொடைப் பக்கம் திறக்கவேண்டும். வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்களுக்கெல்லாம் அறிவித்தாயிற்று.

"அக்கா, ஒண்டு கேக்கலாமோ? திங்கக்கிழமை இது எரிஞ்சது. நாங்கள் எல்லாரும் கண்ணால கண்டனாங்கள். அந்த நீல வெளிச்சத்தை நீங்கள் கொம்பியூட்டரில போட்டு விடேலாதோ?"

"போடலாங்க. கொஞ்ச நேரத்து வேலதான்."

இந்த வேலை நன்றாக அமைந்தால் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவைப் படம் பிடிப்பதையும் தன்னிடமே தருவார்கள் என்று நினைத்திருந்ததாக, பிறகு இதை எழுதும் என்னிடம் தனலெட்சுமி சொன்னார். லென்ஸை ஒருமுறை துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"சார், நா வைக்கிற நிலா பொய்யின்னு கல்யாண வீட்டுக்காரங்களுக்கே தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறாங்க. இத பாத்துட்டு மொகந் தெரியாத ஆளு யாரோ காசு போடுவாரு. அவருக்குத் தெரியாதுங்களே."

"எரியாத எஞ்சினுக்கு ஆர் அக்கா காசு தருவினம்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. எரியலேனு சொல்லுங்க, ஏன் எரியலேனும் சொல்லுங்க. நா புடிக்கிறேன்."

கிஷாந்தன் கோபமாக வெளியே போனார். வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு, தலைமயிரில் நீர் சொட்ட வந்தார். கலத்தைத் திறந்து, எஞ்சினைக் கழற்றி, கருகிப்போயிருந்த ஒரு பாகத்தைக் கையில் பிடித்தபடி பேசத் தொடங்கினார். தடுமாறினார். தனலெட்சுமி நடுவில் நிறுத்தவில்லை. பின்னணி இசைகூடச் சேர்க்காமல் அப்படியே கொடுத்துவிட்டார்.

சேர்ந்த பணம் கேட்டதில் பாதிகூட இல்லை. எரியாததைக் காட்டியா காசு கேட்பது என்று கேலி எழுதியவர்களும் உண்டு. கலத்திலிருந்து காற்றை உறிஞ்சப் புதிய பம்ப் வாங்கும் எண்ணத்தைக் கிஷாந்தன் கைவிட்டார். கருகிய பாகத்தை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர வந்த பணம் போதுமாக இருந்தது. பட்டமளிப்பு விழா வேறொரு ஸ்டூடியோவுக்குப் போயிற்று. அதைப் பற்றிக் கேட்டால், "நம்ம வெல அவங்களுக்குக் கட்டாதுங்க" என்று சொல்லிச் சிரித்துவிடுகிறார்.

போன மாதம் அவரை மறுபடியும் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போயிருந்தேன். சுவிட்சைத் தட்டியதும் கண்ணாடிக்கு அப்பால் ஊதா கலந்த நீலப் பொறி ஒன்று வெட்டியது. பிறகு இன்னொன்று. பிறகு விடாமல் வெட்டிக்கொண்டே இருந்தது. கிஷாந்தன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

படம் பிடித்து முடித்ததும் தனலெட்சுமி கேட்டார்: "இது எம்புட்டு வேகமாத் தள்ளும் சார்?"

கிஷாந்தன் ஒரு தாளின் ஓரத்தை நகக்கண் அளவுக்குக் கிழித்து அவருடைய உள்ளங்கையில் வைத்தார். "இந்தத் துண்டு உங்கட கையில அழுத்துற அளவுதான் இது தள்ளும் அக்கா. ஆனா மேல மறிக்கிறதுக்குக் காத்து இல்லை. மாசக்கணக்காத் தள்ளத் தள்ள வேகம் கூடிக்கொண்டே போகும்."

தனலெட்சுமி கையிலிருந்ததை உற்றுப் பார்த்தார். சன்னல் வழியே மலைப்பக்கமிருந்து வந்த காற்றில் அந்தத் துண்டு லேசாக எழும்பியது. விரித்த கையை அசைக்காமல், மறு கையை நீட்டிச் சன்னலைச் சாத்தினார்.