தமிழ் அறிந்த எழுத்தர்

அரசாங்கம் என்னும் ஒரே ஆலையை நம்பிப் பிழைக்கும் நகரம் திருவனந்தபுரம். தம்பானூர் ஓட்டல்களுக்கும் பழவங்காடித் துணிக்கடைகளுக்கும் அரசுச் சம்பளம் வரும் வாரத்தில்தான் முகம் தெளியும். அந்த ஆலையின் ஓர் அலுவலகத்தில், தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தராக இருந்தேன். தமிழில் வரும் மனுக்களை மலையாளமாக்குவது என் வேலை. அங்கே அந்தப் பணியிடம் ஒன்றுதான்.

வலியசாலையில் எங்கள் தெருக்கோடியில் குடியிருந்த பெண் அந்தப் பணிக்குத் தேர்வெழுதி, தரவரிசையில் முதலாவதாக வந்திருந்தாள். தந்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஓட்டல் சமையலில் இருந்தவர். அவள் பழவங்காடியில் துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். அவள் மாமி என்றழைக்கும் நான் ஓய்வுபெற்றால் அவளுக்கு வேலை. இருவரும் அதை அறிந்தே பல மாலைகளில் ஒன்றாக நடந்து வீடு திரும்பினோம். கடையில் அவளைச் சீண்டுவார்களாம்: "ஒண்ணாம் றாங்குக்காரியே, மாமி எழும்பாம நீ எங்க போய் இருப்ப?"

ஓய்வு வயதை உயர்த்தப்போவதாக ஒருமுறை பேச்சு கிளம்பியது. எங்கள் பிரிவில் மகிழ்ச்சியை மறைத்துக்கொண்டார்கள். இளைஞர்கள் செயலக வாசலில் திரண்டார்கள். கோஷமிட்டுத் தொண்டை கட்டி வந்தவளுக்குச் சுக்குவெந்நீர் கொடுத்தேன்.

"மாமிக்கு எதிரா இல்ல கேட்டோ," என்றாள். "வயசுக்கு எதிராத்தான்."

"அந்த வயசு எங்கிட்டல்லா இருக்கு," என்றேன். சிரித்தாள்.

அந்தப் பேச்சு அடங்கியது. மே மாதக் கடைசியில் நான் ஓய்வுபெற்றேன். பிரிவுபசாரத் தேநீரின்போது மேலதிகாரி, என் இடம் இனி நிரப்பப்படாது என்று மரியாதையாகவே தெரிவித்தார். தமிழ் மனுக்கள் வருவது ஏறக்குறைய நின்றிருந்தது. என் மேசை வழியாகப் போனால் தாமதமாகும் என்று கண்டுகொண்ட தமிழர்கள், மலையாளம் படித்த பிள்ளைகளைக் கொண்டே எழுதுவித்தார்கள். மேசை வெறுமையாவதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, நாற்காலியும் போய்விடும் என்று தோன்றவில்லை.

அன்று மாலை பிச்சிப்பூவுடன் வந்தவளிடம் சொன்னேன். பூப்பொதியை என் கையில் வைத்தாள்.

"அப்போ மாமிக்குப் பின்னால ஆரும் இல்ல, அல்லே?"

வேறு தேர்வுகள் எழுதலாமே என்றேன். அதற்கான வயது வரம்பை அந்த ஆண்டே கடந்துவிட்டதாகச் சொன்னாள். சில மாதங்களில் அவள் பெயரிருந்த பட்டியலும் காலாவதியாயிற்று.

ஓணத்துக்கு என் ஓய்வூதியத்தில் அவள் கடையிலேயே புடவை எடுத்தேன். ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினாள். மேலாளர் அருகில் நின்றதால் என்னிடம் மலையாளத்தில் பேசினாள். நானும் மலையாளத்திலேயே பதில் சொன்னேன்.