கழுத்து நாடிக்கு இரண்டு வழிகள்

குறிகட்டுவான் துறையில் நயினாதீவு வள்ளத்துக்கு ஏறுகிறவர்களை எண்ணுவது என் வழக்கம். பாரம் கூடினால் என்னோடு சேர்ந்துதானே வள்ளம் தாழும். எண்பதுகளின் முற்பகுதியில் ஒரு காலை நாற்பத்து மூன்று வரை வந்தேன். நாற்பத்து நான்கு மனதில் தெளிவாக நின்றது, வாயில் வரவில்லை. வலது கையிலிருந்த குடை நழுவி விழுந்தது. நான்கு நிமிடத்தில் எல்லாம் சரியாயிற்று. அந்த மாதம் இப்படி மூன்று தரம்.

யாழ்ப்பாணத்து வைத்தியர் என் கழுத்தில் குழாய் வைத்துக் கேட்டார். இடப்பக்க நாடிக்குள் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்கிவிட்டது, விட்டுவைத்தால் ஒருநாள் பாரிசவாதம் வந்து பேச்சுப் போய்விடும் என்றார். கை போனாலும் சமாளிக்கலாம். பேச்சுப் போனால் பிறர் விடும் பிழைகளை யாரிடம் சொல்வது?

மனைவியோடு ரயிலேறிக் கொழும்புக்குப் போனேன். அங்கே ஒரு வைத்தியசாலையில் இரண்டு சத்திரசிகிச்சை நிபுணர்கள், இருவருக்கும் வேறு வேறு வழி. மூத்தவர் நோயாளியை மயக்கி, நாடியை நீளமாகக் கீறி, கொழுப்பை உரித்தெடுத்து, நேராகத் தைத்துவிடுவார். வேலை விரைவில் முடியும். இளையவர் கழுத்தையும் காலையும் மட்டும் ஊசியால் மரக்கச்செய்து, காலிலிருந்து எடுத்த நாளத்துண்டை நாடியில் ஒட்டுப்போட்டுத் தைப்பார். நேரம் கூடுதல், ஆனால் நாடி அகலமாக இருக்கும், திரும்ப ஒடுங்குவது அரிது என்றார். விழித்திருப்பதால் என்ன பயன் என்று கேட்டேன்.

"நாடியை இறுக்கிப் பிடிச்சிருக்கேக்கை நீங்கள் கதைச்சுக்கொண்டே இருக்கவேணும், ஐயா. கதை நிண்டால் மூளைக்கு இரத்தம் காணாது. உடனே உள்ளுக்கு ஒரு சின்னக் குழாய் போடுவன். அதிலையும் ஆபத்து இருக்கு, கொழுப்புத் துண்டு உடைஞ்சு மேலை போகலாம். தேவையில்லாமல் போடமாட்டன்."

இருவரிடமும் பதினேழு பதினேழு கேள்விகள் கேட்டேன். மனைவி களைத்துப்போனாள்.

"இஞ்சாருங்கோ, மூத்தவரிட்டையே போங்கோ. நித்திரையாக்கினால் உங்களுக்கும் சுகம், அவைக்கும் நிம்மதி."

என்ன நடக்கிறதென்று தெரியாமல் கிடக்க என்னால் முடியாது. இளையவரையே தெரிந்தெடுத்தேன்.

சத்திரசிகிச்சை மேசையில் முகத்துக்கு மேல் துணி போட்டார்கள். "இறுக்கிறன். எண்ணுங்கோ" என்றார் வைத்தியர். வினாடிக்கு ஒன்றாக எண்ணினேன். கழுத்தில் வலி இல்லை, இழுவை மட்டும். ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தினேன்.

"ஐயா?" என்றார் வைத்தியர். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். "ஐயா, கேக்குதோ? குழாயைத் தாங்கோ, மிஸி" என்று தாதியைக் கேட்டார்.

"பொறுங்கோ, குழாய் வேண்டாம்" என்றேன். "மிஸி இப்ப பஞ்சுத்துணி பதினாறு எண்டு எண்ணினவ. கட்டுக்கு அஞ்சு எண்டு சொல்லி மூண்டு கட்டுத்தான் பிரிச்சவ. பதினாறு எப்பிடி வரும்?"

தாதி துணிகளைத் திரும்ப எண்ணுவது கேட்டது. ஒன்றை இரண்டு தரம் எண்ணியிருந்தார். பதினைந்துதான்.

"உங்கடை மூளைக்கு இரத்தம் தாராளமாப் போகுது" என்றார் வைத்தியர். "இனி என்ன பிழை கண்டாலும் எண்ணிக்கொண்டே காணுங்கோ. எத்தினையிலை விட்டனீங்கள்?"

"ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு."

"அதிலை இருந்து தொடங்குங்கோ."

இரண்டாயிரத்து நாற்பத்தாறில் பிடியை விட்டார். இரத்தம் ஏறியது. குழாய் கடைசிவரை தேவைப்படவில்லை. இடையில் நான் நிறுத்திய வினாடிகள் கணக்கில் இல்லை; அது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

வார்ட்டுக்கு வந்ததும் மனைவி குனிந்து, "கதை வருதோ?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் கதிரையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண் துடைத்தாள். முடிவில், "காணும், கொஞ்சம் ஓயுங்கோ" என்றாள். நான் ஓயவில்லை.

மறுநாள் மூத்த வைத்தியர் வந்தபோது என் ஒட்டின் சிறப்பை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார்.

"அவர் என்ரை ஆள். நேராத்தான் தைச்சனான். அவரும் வடிவாக் கதைக்கிறார்."

உண்மைதான். அந்த மனிதர் உற்சாகமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். வைத்தியர் போனபின் அவரிடம் கேட்டேன்: "உங்கடை நாடியை எவ்வளவு நேரம் இறுக்கி வைச்சிருந்தவை?"

"எனக்கென்ன தெரியும் அண்ணை, நான் நல்ல நித்திரை."

பாவம் என்று நினைத்துக்கொண்டு, என்னுடைய எண்ணிக்கையை ஒன்றிலிருந்து அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.