ஒரே நாற்காலி, வேறு வேறு கிழமை

மேற்பார்வையாளர் அனுப்பிய குரல்பதிவை அடுப்படியில் நின்றபடியே கேட்டேன். இனி ஒவ்வொருவரும் மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டுமாம். முழுக்க வீட்டிலிருந்தே வேலை, முழுக்க ஆபீஸ், இல்லையென்றால் ஹைபிரிட். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாதவர்களுக்குக் கம்பெனியே முடிவு செய்யும் என்று கடைசியில் சொன்னார். அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை போட்டுக் கேட்டேன்.

பார்சல் கம்பெனி ஒன்றுக்கு ஃபோன் எடுப்பது என் வேலை. பார்சல் வரவில்லை, வந்தது உடைந்திருக்கிறது என்று கோபத்தோடு பேசுகிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். குரல் தெளிவாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அதனாலேயே கம்பெனியிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும், என் சான்றிதழைக் கேட்கப்போகிறார்கள் என்றே முதலில் தோன்றும். இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. பயம் மட்டும் போகவில்லை.

ஆபீஸ் திருச்சியில். கொரோனாவுக்கு முன்பு தினமும் எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. நார்த்தாமலை ஸ்டாப் வரைக்கும் தூங்குவேன். அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். வீட்டு வேலைக்கும் யாரும் கூப்பிட முடியாது, ஆபீஸ் வேலைக்கும் யாரும் கூப்பிட முடியாது. அந்த நேரம் என்னுடையது.

கொரோனாவில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்ப்யூட்டரையும் ஹெட்செட்டையும் அட்டைப்பெட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் பிரிவை ஆபீஸுக்குக் கூப்பிடவே இல்லை. பீரோவுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். ஒருநாள் மதுரைக்காரர் ஒருவர், "ஏம்மா, ஆபீஸ்ல கோழியெல்லாம் வளக்குறீங்களா?" என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து வேலை முடியும்வரை கோழிகளைக் கொல்லைப்பக்கம் அடைத்தேன்.

காலையில் மகள் பையை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாரேம்மா" என்பாள். என் வீட்டுக்காரரும் வண்டியை எடுக்கும்போது, "போயிட்டு வாரேன்" என்பார். எனக்கு மட்டும் அதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. எங்கும் போகவில்லை, எங்கிருந்தும் வரவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக மனசு ஏங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் ஸ்கூல் வேன் வந்து நிற்கும்போது வாசலில் நான் நின்றாக வேண்டும் என்று மகள் பழகிவிட்டாள். இரண்டாவது படிக்கிற பிள்ளை. நான் இல்லாத வாசலைப் பார்த்தால் அவள் முகம் எப்படி ஆகும் என்று யோசித்துவிட்டு, 'முழுக்க ஆபீஸ்' என்று வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. முழுக்க வீடு என்றால் இனி அந்தப் பஸ்ஸே இல்லை.

அன்றைக்கு மத்தியானம் இவர் கடலைக்கொல்லையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஹைபிரிட்டுன்னு ஒண்ணு சொல்றாங்க. அதப் போடவா?"

"எதுல? கத்திரியிலயா, மொளகாயிலயா?"

"வேலையிலங்க. கொஞ்ச நாள் ஆபீஸு, மிச்சம் வீடு."

"அதுலயும் வந்துருச்சா?" என்றார். "ஹைபிரிட்டு காய்ப்பு நல்லாத்தான் இருக்கும். வெதைக்குன்னு எடுத்து வைக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் கடையில போயி நிக்கணும். ஒங்க ஆபீஸ் ஹைபிரிட்டும் அப்புடித்தானான்னு கேட்டுக்க."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். ஆள் குறைக்கிற நாள் வந்தால் பாதி நாள் வருகிறவர்களைத்தான் முதலில் கழிப்பார்களோ என்று அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஆபீஸில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரியை ஃபோனில் கூப்பிட்டேன். அவள் மணமேல்குடிப் பக்கத்துப் பெண், திருச்சியில் வாழ்க்கைப்பட்டவள். ஆபீஸில் எங்கள் இருவர் நாற்காலியும் ஒட்டி ஒட்டி இருக்கும். யாராவது ஃபோனில் என்னைத் திட்டினால், அவள் தன் ஃபோனில் பேசிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். என் டப்பாவில் புளிச்சோறு இருந்தால் தன் டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு அதை எடுத்துக்கொள்வாள். வீட்டிலிருந்து வேலை பார்த்த காலம் முழுக்க, யாராவது திட்டும்போது என் இடது கை தானாக மேசையில் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும்.

"இதுக்குப் போயி ஏன்க்கா இவ்வளவு பயப்புடுறீங்க? நீங்க எதச் சொல்றீங்களோ அதயே நானும் சொல்லிடுறேன்" என்றாள்.

"நாஞ் சொல்லி ஒனக்குத் தப்பாப் போயிட்டா?"

"போனா ரெண்டு பேருக்கும் சேத்துத்தானே போகும். ஒண்ணா ஒக்காந்தாப் போதும் எனக்கு."

"பாப்பா ஸ்கூல் விட்டு வார நேரந்தான் ஒதைக்குது."

"அப்ப பாதிக்குப் பாதி. போன வைங்க, நானே சார்கிட்ட சொல்றேன்."

ஹைபிரிட் என்று இருவரும் சொல்லிவிட்டோம். அன்றிரவே புடவை எது கட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கிழமைகள் முடிவாகி வந்தபோது எனக்குத் திங்கள், செவ்வாய். அவளுக்கு வியாழன், வெள்ளி. ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன்.

"தப்பில்லம்மா. ஹைபிரிட்டுன்னா ஒரு சீட்டுக்கு ரெண்டு பேரு. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்தவங்கதானே. அதான் ஒரே சீட்டப் போட்டுவிட்டேன். சண்ட வராதுல்ல?"

நல்லதுதான் நினைத்துச் செய்திருக்கிறார். "மாத்த முடியாதுங்களா சார்?" என்று கேட்டேன். "பொறவு பாப்பம்மா" என்றார். இன்னும் ஒருமுறை கேட்டால் சான்றிதழ் பேச்சு வந்துவிடுமோ என்று, "சரிங்க சார்" என்று வைத்துவிட்டேன்.

அவளிடம் சொன்னேன். "கல்யாணம் ஆனவங்களக்கூட இப்புடிப் பிரிக்க மாட்டாங்கக்கா" என்றாள். சிரித்தோம். முழுக்க ஆபீஸ் என்று சொல்லியிருந்தால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம் என்பதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

இப்போது திங்களும் செவ்வாயும் மகளிடம், "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். பஸ் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது. இரண்டு நாளும் சாயங்காலம் திரும்பும்போது வேன் வந்து போயிருக்கும். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவாள்.

பக்கத்து நாற்காலிக்காரி குள்ளம். கால் தரையில் ஊன்றுவதற்கு நாற்காலியை நன்றாக இறக்கி வைத்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை அவள் இறக்கிய உயரத்திலேயேதான் திங்கள்கிழமை எனக்கு அது கிடைக்கிறது. மேசை நெஞ்சுக்கு நேராக நிற்க, முதல் ஃபோன் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பேன். பிறகு வேலைக்காக ஏற்றிக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது மறக்காமல் இறக்கி வைத்துவிட்டுத்தான் வருகிறேன்.